காசிக்கு மூன்று பெர்த்

1

அந்தப் புதன்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு எங்கள் செக்‌ஷன் ஆபீசரின் மேஜையில் இருந்த தொலைபேசி அடித்தது. நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், எதிர்ச்சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது. பேசி முடிக்கும்வரை நான் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய முள் எட்டில் இருந்தது. ரிசீவரை வைத்தபோது அது ஒன்பதைத் தொட்டிருக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் என் பெண் அனுவின் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

முகூர்த்தத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. கும்பகோணத்தில் சத்திரம் பிடித்தாகிவிட்டது. பத்திரிகை அச்சாகி, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ் என்று, டில்லியில் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது.

பேசியவர் பிள்ளையின் அப்பா. மாயவரத்துக்காரர். குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

“பொண்ணு நேரா பையனுக்குப் போன் பண்ணிக் கேள்வி கேக்கறா. டில்லியில வளர்ந்தவ, வேற என்ன சொல்றது? எங்காத்துக்குச் சரிப்படாது. நீங்க தப்பா எடுத்துக்கப்படாது.”

“என்ன கேட்டா மாமா?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? நல்லபடியா வேற இடம் பாருங்கோ.”

ஆபீசர் ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “சப் டீக் ஹை?” என்று கேட்டார். எல்லாம் சரிதானே என்று அர்த்தம். “டீக் ஹை சார்” என்றேன். இருபத்திரண்டு வருஷம் அரசாங்க வேலை பார்த்தால் அந்தப் பதில் தானாகவே வந்துவிடுகிறது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அன்றைக்கு அனுப்ப வேண்டிய இரண்டு கடிதங்களையும் எழுதி முடித்தேன்.  இப்போதும் போன் அடித்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்கிறேன்.

ஊரிலிருந்து விசாரித்து எழுதியவர்கள் பலர். எல்லார் கடிதத்திலும் கேள்வி ஒன்றுதான்: கல்யாணம் நின்றுபோன வீட்டில், முகூர்த்த நாள் அதுவுமாகக் காசிக்குப் போனீர்களாமே, யாருடைய யோசனை அது? தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். யோசனை என்னுடையதுதான்.

2

நாங்கள் ராமகிருஷ்ணபுரத்தில், ஆர்.கே.புரம் என்றால்தான் இங்கே யாருக்கும் தெரியும், இரண்டு அறை அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நானும் இவரும் வேறு வேறு ஆபீஸ். இவர் என்றால் என் கணவர், அனுவின் அப்பா. அனு எங்களுக்கு ஒரே பெண். இங்கேயே பிறந்தவள். இருபத்துமூன்று வயது. நேரு பிளேஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

அவள் தமிழ் பேசுவாள். நடுவில் “அச்சா”வும் “ஜல்தி”யும் கலந்து வரும். படிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். தன் கல்யாணப் பத்திரிகையின் தமிழ்ப் பக்கத்தை விரலை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரி படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, “இது நான்!” என்று சிரித்தாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்ணுக்குத் தாய்மொழியை ஒழுங்காகக் கொடுக்கவில்லையே என்று. இப்போது அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது.

அவள் கேட்ட கேள்வி இதுதான். பிள்ளையின் அம்மா, கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு மாயவரத்தில் தங்களோடு இருக்க வேண்டும் என்றும், பிள்ளை சென்னையிலிருந்து சனி ஞாயிறு வந்து போவான் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தாள். பெண் பார்க்க வந்தபோது இந்தப் பேச்சே இல்லை. நாங்கள் அந்தக் கடிதத்தைப் படித்தோம், மடித்து வைத்தோம். கல்யாணம் ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அனு செருப்பை மாட்டிக்கொண்டு செக்டர் மார்க்கெட்டில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். வீட்டு போனிலிருந்து வெளியூருக்குப் போட முடியாது. பிள்ளையின் சென்னை நம்பருக்குப் போட்டாள். அன்று அவன் அம்மா அங்கே வந்திருந்தாள் போல.

திரும்பி வந்து என்னிடம் சமையலறையில் சொன்னாள்.

“அம்மா, ‘உங்க அம்மா எழுதியிருக்காளே, அது உங்களோட விருப்பமும்தானா’ன்னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன். ‘ஒரு நிமிஷம், அம்மாகிட்ட குடுக்கறேன்’னான்.”

“குடுத்தானா?”

“குடுத்தான்மா! போனை நிஜமாவே குடுத்துட்டான். நான் யாரைக் கல்யாணம் பண்ணிக்கறேன், அவனையா, அவன் அம்மாவையா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆபீசுக்கு அந்த போன் வந்தது.

சாயங்காலம் இவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் கொடுக்க வேண்டியிருந்த பத்திரிகைகளின் கட்டு கையில் இருந்தது. பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“நீ போன் பண்ணாம இருந்திருந்தா இன்னிக்கு இது நடந்திருக்காது.”

அனு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். “பண்ணாம இருந்திருந்தா அது நடந்திருக்கும்பா” என்றாள்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கல்யாணம் நின்றதை நான் எப்படியோ விழுங்கிக்கொண்டேன். இதை விழுங்க முடியவில்லை. இரண்டு அறை வீட்டில் அப்பாவும் பெண்ணும் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. குளியலறை ஒன்று, குழாய் ஒன்று, பேப்பர் ஒன்று. “ரசம் வேணுமான்னு கேளு” என்று இவர் என்னிடம் சொல்வார். ரசப் பாத்திரம் அவள் கையில்தான் இருக்கும். “போதும்னு சொல்லு” என்பாள் அவள், என்னிடம். தன்னால்தான் அப்பா இப்படி ஆகிவிட்டார் என்று அவள் நினைக்க ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆபீசிலிருந்து சீக்கிரம் வருகிறவள் தாமதமாக வந்தாள். ஒரு நாள், “பெங்களூர்ல எங்க கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கு. டிரான்ஸ்ஃபர் கேக்கட்டுமா?” என்றாள். மாயவரத்துக்காரர்கள் வேண்டாமென்று சொன்னதுகூட அவளை விரட்டவில்லை. அவள் அப்பாவின் மௌனம் விரட்டியது.

3

இந்த இடத்தில் ஒரு குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்யாணத்தில் காசியாத்திரை என்று ஒரு சடங்கு உண்டல்லவா. மாப்பிள்ளை தனக்குக் கல்யாணமே வேண்டாம், காசிக்குப் படிக்கப் போகிறேன் என்று குடை, தடி, விசிறி, புஸ்தகம், செருப்பு சகிதமாகக் கிளம்புவார். வாசல் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பெண்ணின் அப்பா தடுத்து நிறுத்தி, போகாதேயுங்கள், என் பெண்ணைத் தருகிறேன் என்று அழைத்துவருவார். பெண்ணின் அப்பாவுக்கு அதில் இருக்கிற வேலை தடுப்பது ஒன்றுதான்.

என் கல்யாணத்தில் அந்த வேலை ஏறக்குறையக் கெட்டுப்போயிற்று. இவர் டில்லியிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தார். கூச்ச சுபாவம். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. என் அப்பாவோ அந்த நேரத்தில் சமையல்காரரோடு அப்பளத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நடந்தார், நடந்தார், தெருக்கோடி தாண்டி பஸ் போகிற ரோட்டுக்கே வந்துவிட்டார். நாதஸ்வரக்காரர் சந்தேகத்தோடு பின்னாலேயே வந்தாராம். கும்பகோணம் போகிற பஸ் ஒன்று மாலையும் குடையுமாக நிற்கிறவரைப் பார்த்து நின்றேவிட்டது. “ஏறுறீங்களா சார்?” என்று கண்டக்டர் கேட்டதாக இன்றுவரை எங்கள் வீட்டில் கதை. அதற்குள் என் அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“வரலேன்னா ஏறியிருப்பேளா?” என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

“தடுக்க வேண்டியவர் வரலேன்னா போகத்தானே வேணும்? அதானே முறை?” என்பார்.

அனுவின் கல்யாணத்துக்குக் காசியாத்திரை சாமான்களை இவரே வாங்கினார். மற்ற எதையும் என்னிடம் விட்டவர் இதை மட்டும் விடவில்லை. டில்லியில் மடக்குக் குடைதான் எங்கே பார்த்தாலும். பெரிய கறுப்புத் துணி, வளைந்த மரப் பிடி வேண்டும் என்று கரோல் பாக்கில் கடை கடையாக அலைந்தார். நாலாவது கடையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, கூடத்தில் அதை விரித்துப் பார்த்து, மின்விசிறியில் இடித்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி சிரித்தார். பனையோலை விசிறி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. எல்லாம் பழுப்புக் காகிதத்தில் சுற்றி இரும்பு அலமாரியின் தலையில் ஏறின.

கல்யாணம் நின்ற வாரம் நான் கூறைப் புடவையை, பாத்திரங்களை, எல்லாவற்றையும் கண்ணில் படாமல் கட்டிலடியில் தள்ளினேன். குடையையும் எடுக்கப் போனேன்.

“அது இருக்கட்டும்” என்றார்.

“பாக்கறச்சே எல்லாம் கல்யாணம்தான் ஞாபகம் வரது.”

“இருக்கட்டும்னேனே.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டிவிட்டு மறுபடியும் மேலே வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமைதான் கும்பகோணத்திலிருந்து இவருடைய அக்கா போன் செய்கிற நாள். எங்கள் வீட்டு போன் அப்போதுதான் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்றும், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, அதனால் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்லிவைத்திருப்பதாகவும் அக்கா சொன்னாள்.

“அவளுக்கு உடம்பு நன்னாத்தானே இருக்கு அக்கா.”

“அதுக்காக உள்ளதைச் சொல்ல முடியுமா? நாளைக்கு வேற இடம் பாக்க வேண்டாமா? ஏதோ தோஷம். அது கழியணும். அதுக்கப்புறம் எல்லாம் சரியாகும்.”

“எங்க பொண்ணுக்கு ஒரு தோஷமும் இல்லை.”

“பின்னே யாருக்கு?”

“போனை அம்மாகிட்ட குடுத்த பையனுக்கு.”

 அக்கா, “உனக்கு வாய் ஜாஸ்தியாயிடுத்து. டில்லித் தண்ணி” என்றாள். “ஏதாவது க்ஷேத்திரத்துக்குப் போய் ஒரு பரிகாரம் பண்ணிட்டு வாங்கோ.”

போனை வைத்தபின் பூஜை அலமாரியைப் பார்த்தேன். அதில் ஏழு செப்புச் சொம்புகள் இருக்கின்றன, வாய் அடைத்து ஈயம் பூசியவை. எல்லாம் கங்கை. ஊரில் இருப்பவர்களுக்குக் காசி என்றால் டில்லிக்குப் பக்கத்து ஊர் என்று ஒரு எண்ணம். மெட்ராஸிலிருந்து நேராகவே ரயில் இருக்கிறது, டில்லிக்கு வந்து போவது சுற்று என்று எத்தனை தடவை எழுதினாலும், “நீங்கதான் அங்க இருக்கேளே” என்று வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவருவோம், சாப்பாடு கட்டிக்கொடுப்போம், காசி ரயிலில் ஏற்றிவிடுவோம், திரும்பி வரும்போது அழைத்துவருவோம். போகும்போது நன்றிக்கு ஒரு சொம்பு. இப்படி இருபத்துநாலு வருஷத்தில் ஏழு சொம்பு சேர்ந்தன. நாங்கள் மட்டும் காசியைப் பார்த்ததில்லை.

ஏன் போகவில்லை? கேட்டால் எல்லாரும் சொல்வதைத்தான் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். காசி கடமை முடிந்தவர்கள் போகிற ஊர். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, நிம்மதியாகப் போக வேண்டிய இடம்.

அன்றைக்கு அந்தச் சொம்புகளுக்கு எதிரே நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. என் பெண் என்ன, முடிக்க வேண்டிய கடமையா? அவளை ஒருவன் கையில் தள்ளிவிட்டால்தான் எனக்குக் கங்கையில் கால் வைக்கத் தகுதியா? அவள் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டாள். கேட்டிருக்க வேண்டியது நாங்கள். கேட்கத் தைரியம் இல்லாமல் கடிதத்தை மடித்து வைத்தோம். தோஷம் இருந்தால் அது மடித்து வைத்தவர்களுடையது.

கல்யாணத்துக்காக வாங்கிய லீவு அப்படியே இருந்தது. அதை ரத்து செய்துவிட்டு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொள், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ரத்து செய்வதாக இல்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை, மாப்பிள்ளை அழைப்பு நடந்திருக்க வேண்டிய நேரத்தில் ரயில். முகூர்த்தத்தன்று காலையில் காசி. மூன்று பேரும். பரிகாரத்துக்கு இல்லை. ஊர் பார்க்க.

இவரிடம் சொன்னேன். “காசிக்கா? இப்பவா?” என்றார். “நான் வரலை. எந்த முகத்தை வச்சுண்டு?”

“இதே முகத்தை வச்சுண்டுதான். வேற ஏது?”

இவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

5

அரசாங்க ஊழியர் குடும்பத்தோடு ஊர் போய்வரக் கொடுக்கும் பயணச் சலுகையை எல்.டி.சி. என்போம். கல்யாணத்துக்குக் கும்பகோணம் போக அதற்கு அனுமதி வாங்கியிருந்தேன். நாலு வருஷத்துக்கு ஒரு முறை சொந்த ஊருக்குப் பதிலாக இந்தியாவில் எந்த ஊருக்கும் போகலாம். அந்த ஒரு முறையும் நாங்கள் கும்பகோணத்துக்கே போய்ப் பழகியவர்கள். அதை மாற்ற சர்மாஜியிடம் போனேன். எங்கள் ஆபீசில் லீவு ஃபைல்கள் எல்லாம் அவர் கையில்தான். நல்ல மனிதர். எதையும் மூன்று பிரதி கேட்பார்.

பழைய விண்ணப்பத்தில் லீவுக்குக் காரணம் என்ற இடத்தில் ‘மகளின் திருமணம்’ என்று இருந்தது. புது விண்ணப்பத்தில் ‘வாராணசி செல்ல’ என்று எழுதியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஷாதி கே பாத்?” கல்யாணத்துக்குப் பிறகா என்று கேட்டார், மெதுவாக.

“ஷாதி கே பத்லே” என்றேன். கல்யாணத்துக்குப் பதிலாக.

பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண்கள். பிறகு மூடியைத் திறந்தார்.

“மகள் பெயர் பட்டியலில் இல்லையே மேடம்?”

“சம்பாதிக்கிறாள். சலுகை கிடையாது. போன வருஷம் நான்தான் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தேன். அவள் டிக்கெட்டை அவளே எடுக்கிறாள்.”

“கணவர்?”

அங்கே ஒரு கணம் தயங்கினேன். விண்ணப்பத்தின் அடியில், தவறான தகவல் தந்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் அச்சிட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பொய்க் காரணம் எழுதி நான் லீவு போட்டதில்லை.

“வருகிறார்” என்றேன். “எழுதிக்கொள்ளுங்கள்.”

ரிசர்வேஷன் கவுன்டருக்கு அனுவும் நானும் போனோம். வரிசையில் நின்றபடியே அவள் படிவத்தை என் முதுகில் வைத்து எழுதினாள். என் பெயர், வயது. அவள் பெயர், வயது. பேனா நின்றது.

“அப்பா வரமாட்டார், அம்மா. ரஹ்னே தோ, விட்டுடு.”

“குடு இங்கே” என்று வாங்கி மூன்றாவது பெயரை நானே எழுதினேன். ஆண். வயது ஐம்பத்தைந்து. கீழ் பெர்த்.

“வராட்டா?”

“வராட்டா காலை நீட்டிண்டு போவோம்.”

அவள் சிரித்தாள். பதினொரு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. பின்னால் நின்றவர் “ஜல்தி கரோ, ஆன்ட்டிஜி” என்று அவசரப்படுத்திக் கத்தினார். எங்களுக்கு அது பாராட்டு மாதிரிக் கேட்டது.

6

காலனியில் விஷயம் பரவாமல் இருக்குமா? பால் பூத்தில் என்னைக் கண்டதும் இரண்டு தமிழ் மாமிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் துணி காய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நானே போய்ச் சொன்னேன்: “கல்யாணம் நின்னுபோச்சு. அனு உடம்பு நன்னாயிருக்கு. வியாழக்கிழமை காசிக்குப் போறோம். உங்களுக்குக் கங்கை ஜலம் கொண்டுவரட்டுமா?” அவர்கள் முகம் போன போக்கை விவரிக்க மாட்டேன். ஒருத்தி, “பெரிய சொம்பாவே கொண்டுவாங்கோ மாமி” என்றாள், பாவம்.

எதிர்வீட்டு கமலேஷ் பஞ்சாபி. பள்ளிக்கூட டீச்சர். முதல் நாளே விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பையன் போனை அம்மா கையில் கொடுத்தானா? அரே, பச் கயீ உன் பெண்! தப்பித்தாள்!” என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எனக்குக் கிடைத்த ஆறுதல்களில் அதுதான் உருப்படியானது. கிளம்புகிற அன்று டப்பா நிறையக் காரட் அல்வா கொண்டுவந்தாள். “கல்யாணத்துக்குச் செய்வதாக இருந்தேன். யாத்திரைக்குத் தின்றால் இனிக்காதா?”

அந்த நாட்களில் அனு என்னிடம் காசியைப் பற்றி நிறையக் கேட்டாள். அங்கே எதையாவது விட்டுவிட்டு வர வேண்டுமாமே, அது என்ன என்றாள்.

“ஒரு காய், ஒரு பழம். பிடிச்சதை விடணும். அப்புறம் ஆயுசுக்கும் சாப்பிடப்படாது.”

“நான் கொத்தவரங்காயை விட்டுடறேன்.”

“அது உனக்குப் பிடிக்கவே பிடிக்காதே?”

“அதனாலதான்.”

“நானும் அப்படித்தான் ஏதாவது விடலாம்னு இருக்கேன்.”

இவர் அடுத்த அறையில் இருந்தார். கேட்டிருக்கும். 

வியாழக்கிழமை காலை வழக்கம்போல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். ஒரு தாளில் ரயில் கிளம்பும் நேரம், ஆறு இருபத்தைந்து என்றும், எந்தப் பெட்டி, எந்த பெர்த் என்றும் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன். வைத்ததைப் பார்த்தார். எடுக்கவில்லை, படிக்கவும் இல்லை.

“காஸை மூடிட்டுப் போ” என்றார். அவ்வளவுதான்.

சாவியைக் கமலேஷிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் ஆட்டோவில் ஏறினோம். அனு புதுச் சல்வார் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் போட்டுக்கொள்ள வாங்கியது. வீட்டில் வைத்துப் பாழாக்குவானேன் என்றாள். திரும்பிப் பார்க்காமல் ஏறினாளே தவிர, ஆட்டோ வளைவு திரும்பும்வரை அவள் கை என் கையை விடவில்லை.

7

புது டில்லி ஸ்டேஷன். நடைமேடையில் படிக்கட்டு இறங்குகிற இடத்தில், கடிகாரத்துக்குக் கீழே நின்றோம். ரயில் வந்து நின்றிருந்தது. எங்கள் பெட்டி வெகு தூரத்தில், முன்பக்கம். அனு இரண்டு தடவை “சலோ அம்மா” என்றாள். படிக்கட்டில் இறங்குகிறவர் கண்ணில் நாங்கள் படும் இடம் இது ஒன்றுதான், நான் நகர மாட்டேன் என்றேன்.

ஆறு மணி. ஆறு ஐந்து. கும்பகோணத்தில் இந்நேரம் மாப்பிள்ளை அழைப்புக் கார் ஜோடித்து நின்றிருக்கும். இங்கே கூலிக்காரர் ஒருவர் என் பெட்டியைக் காட்டி, “பஹன்ஜி, வண்டி போய்விடும். யாருக்காக நிற்கிறீர்கள்?” என்றார்.

“வீட்டுக்காரர் வரணும்.”

“வருவதாகச் சொன்னாரா?”

“ஃபாரத்தில் எழுதியிருக்கிறேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. அனுவுக்குப் புரிந்தது. என் தோளைத் தொட்டு, “அம்மா, போறும். அவர் வரலேன்னா அது உன் தப்பு இல்லை” என்றாள். “என் தப்பு.”

அதைக் கேட்கத்தானா இத்தனையும் செய்தேன்?  இந்தப் பெண் அப்பா இல்லாமல் ரயிலேறினால் காசியிலிருந்து நேராகப் பெங்களூர்தான் போவாள் என்று தோன்றியது. அவள் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆறு பதினைந்து.

அப்போது படிக்கட்டின் மேலே, கம்பளிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில், ஒரு கறுப்புக் குடையின் முனை தெரிந்தது. தடியைப் போல ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஆபீஸ் சட்டையோடு இவர் இறங்கினார். மற்றக் கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து பனையோலை விசிறி நீட்டிக்கொண்டிருந்தது.

அனு குரலைத் தாழ்த்தி, “அம்மா, தடுக்க வரார்” என்றாள்.

எனக்கும் அதே பயம்தான். குடையும் விசிறியுமாகப் பெண்ணின் அப்பா வந்தால் வேறு எதற்கு?

எங்களுக்கு எதிரே வந்து நின்றார். மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை, பிப்ரவரியில்.

“ஆபீஸ்லேர்ந்து ஆத்துக்குப் போனேன். கமலேஷ்ஜிகிட்ட சாவி வாங்கிண்டு, இதை எடுத்துண்டு...” என்று என்னைப் பார்த்துத் தொடங்கினார். நடுவிலேயே விட்டார். அனுவின் பக்கம் திரும்பினார். பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அந்தப் பையனைக் கேட்டியே அனு. அதை நான்னா கேட்டிருக்கணும்.”

  அவள் தோளில் இருந்த பை நழுவி அவர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். விசிறியை உருவி என் கையில் கொடுத்தார். பிறகு, மழையும் இல்லை வெயிலும் இல்லை, மேலே தகரக் கூரை, சுற்றிலும் பாதி டில்லி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய கறுப்புக் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

“இன்னிக்குத் தடுக்கறதா இல்லை” என்றார். “நட. நான் குடை பிடிச்சுண்டு வரேன்.”